பட்டன் மாதிரி ஒன்று

ஜூன் 9, திங்கள்

புத்தாண்டுக்கு அலுவலகத்தில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் கோபம்தான் காரணம்.

என்னை உதவி எண்ணில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் இணையப் பக்கங்களை எழுதுகிறவள். நாலு வருடமாக அதைத்தான் செய்கிறேன். தில்லைநகரில் எங்கள் அலுவலகத்தில் பதினெட்டு பேர் இருக்கிறோம். அதில் போன் எடுக்க இந்த ஜெசிந்தா மட்டும்தான் கிடைத்தாளாம். "உனக்குத்தான் ஃபார்ம் முழுக்கத் தெரியும்மா" என்றார் ரகோத்தமன் சார். அவர்தான் எங்கள் குழுவுக்கு மேலாளர். பாராட்டு மாதிரி சொன்னார்.

கலைமலர் கல்வி அறக்கட்டளைக்கு நாலு மாவட்டங்களில் இருபத்திரண்டு பள்ளிகள். வருடம் ஒருமுறை எழுத்துத் தேர்வு வைத்து ஆசிரியர்களை எடுப்பார்கள். நாங்கள் செய்து கொடுத்த தளத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசி நாள் ஜூன் 27, மாலை ஐந்து மணி. அதுவரை ஹெட்போனோடு நான்.

இன்று நாற்பத்தொரு அழைப்புகள். போட்டோ ஏறவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, கணவர் பெயர் போடுவதா அப்பா பெயர் போடுவதா. ஒருவர் மழை வருமா என்று கேட்டார்.

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நிற்கிறது. அம்மா துணிகளை வாளியில் போட்டுத் தனியாகப் பிழிந்துகொண்டிருக்கிறாள், என்னைப் பார்த்தபடியே.

ஜூன் 11, புதன்

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டார். நிதானமான குரல்.

"மேடம், எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். சமர்ப்பிக்கிற பட்டன் மட்டும் கிடைக்கலை."

"பக்கத்தோட கடைசியில வலது ஓரத்துல இருக்கும் பாருங்க. நீலக் கலர்ல."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"மேடம், எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்றதைக் கேட்டுத்தான் வேலை பார்க்கறேன். உறுதிமொழி கட்டம் வரைக்கும் படிக்குது. அதுக்கப்புறம் உங்க கம்பெனி பேரைப் படிக்குது. நடுவுல நீலமா எதுவும் படிக்கலை."

மவுஸை வைத்து ஒருமுறை அழுத்திவிடப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"எங்க அண்ணி இருக்காங்க. ஆனா வேலைக்கு அப்ளை பண்றது நான்."

பெயர் திலகவதி. லால்குடி. தமிழில் எம்.ஏ., பி.எட். தனியார் பள்ளி ஒன்றில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறார். போன வருடமும் இதே இடத்தில்தான் நின்றாராம். வேறு வழியில்லாமல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவர் பாடம் என்ற இடத்தில் தமிழுக்குப் பதில் வரலாறு என்று தேர்ந்தெடுத்துவிட்டார். திரையில் அது தெரியத்தான் செய்தது. பார்க்க வேண்டியவருக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

"இந்தத் தடவை என் கையாலதான் அனுப்பணும் மேடம். தப்பா அனுப்பினாலும் அது என் தப்பா இருக்கட்டும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். உதவி எண்ணில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். அது பட்டனே இல்லை. பட்டன் மாதிரி ஒன்று. 'டிவ்' என்று ஒரு வெறும் பெட்டி, அதற்குப் பின்னால் 'சமர்ப்பி' என்று எழுதிய படம், மவுஸ் அழுத்தினால் மட்டும் வேலை செய்யும்படி ஒரு வரி. பெட்டிக்குள் எழுத்து கிடையாது. படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அங்கே காற்றுதான் இருக்கிறது. டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனாலும் அங்கே நிற்காது.

பழைய கோப்பு. யார் எழுதினார்கள் என்று பார்க்கவில்லை. யாராக இருந்தால் என்ன?

ஜூன் 13, வெள்ளி

ரகோத்தமன் சாரிடம் சொன்னேன். ஒரு மணி நேர வேலை, நானே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"இருபத்தேழாம் தேதி வரைக்கும் தளத்துல ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாதும்மா. போன வருஷம் கடைசி வாரத்துல சின்ன மாற்றம்னு பண்ணி ஆறு மணி நேரம் சைட் படுத்துச்சே, மறந்துட்டியா? அறக்கட்டளைக்காரங்ககிட்ட நின்னு பேச்சு வாங்கினது நான்."

அவர் சொன்னது உண்மைதான். அன்று அவர் மதியம் சாப்பிடக்கூட இல்லை.

"அந்தம்மா விவரத்தைப் போன்ல வாங்கு. நீயே ஃபில் பண்ணி அனுப்பிடு. நமக்கும் புண்ணியம்."

திலகவதிக்கு நானே போன் செய்து இதைச் சொன்னேன். புண்ணியத்தைச் சொல்லவில்லை.

"வேற யாருக்கெல்லாம் இப்படி ஃபில் பண்ணிக் கொடுக்கறீங்க மேடம்?"

"யாருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும் தனியா..."

"அப்ப எனக்கும் வேணாம். எனக்கு உதவி வேணாம் மேடம். பட்டன் வேணும்."

வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்லது செய்யப் போனால் இப்படி. அந்த எரிச்சல் மாலை பஸ் ஏறும்வரை இருந்தது. பாலக்கரை தாண்டும்போது அது யார்மேல் என்று தெரியாமல் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, காலை பத்தரைக்கு என் மடிக்கணினியில் ஸ்கிரீன் ரீடரை நிறுவினேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் அது, இலவசம்தான். நாலு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைக் கேட்டதில்லை. திரையின்மேல் துண்டைப் போட்டு மூடினேன். மவுஸைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். எங்கள் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன்.

"எடிட்" என்றது. டேப் தட்டினேன். "எடிட்." மறுபடி. "எடிட்." எந்தக் கட்டத்தில் பெயர், எந்தக் கட்டத்தில் ஊர், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் 'பெயர்' என்று எழுதியிருக்கிறதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கும் கட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று பிரவுசருக்கு யாரும் சொல்லவில்லை. லேபிள் என்று ஓர் அடையாளம் போட்டு இரண்டையும் இணைத்திருந்தால் போதும். தலைப்புகளெல்லாம் தடித்த எழுத்துகள், அவ்வளவுதான். தலைப்பு என்ற அடையாளம் இல்லை. அதனால் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாவ முடியாது. தவறு செய்தால் கட்டம் சிவப்பாகும். துண்டுக்கு அடியில் அது சிவப்பானதை நான் எப்படி அறிவது?

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

"வேலைம்மா."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

ஐம்பது நிமிடம். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம், அப்படியிருந்தும். திலகவதி இதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பட்டன்வரை வந்திருக்கிறார். ஒரு முறை இல்லை, இரண்டு வருடம்.

ஜூன் 16, திங்கள்

பெனாசிர் எங்கள் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன்.

"அந்த ஃபைலோட வரலாறு பார்த்தியா ஜெசி? யார் எழுதினதுன்னு?"

"நேரமில்லை."

அவள் தயிர் சாதத்தைக் கொஞ்ச நேரம் கிளறினாள். பிறகு கையைக் கழுவிவிட்டுத் தன் கணினியில் பழைய புகார் ஒன்றைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளே பதிந்தது. 'டேப் விசையால் சமர்ப்பி பட்டனுக்குப் போக முடியவில்லை.' அதற்குக் கீழே ஒரு வரிப் பதிலோடு அதை மூடியிருந்தார்கள். 'யாரும் அப்படிப் பயன்படுத்த மாட்டார்கள்.'

பதில் எழுதியவரின் பெயரை அவள் வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

அழைப்புகளுக்கு நடுவே இரண்டு நாளாகப் பக்கத்தின் பிரதி ஒன்றை எடுத்துத் திருத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. பிரதியைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

டிவ் இருந்த இடத்தில் பட்டன். தடித்த எழுத்து இருந்த இடத்தில் தலைப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் லேபிள். தவறு நேர்ந்தால் சிவப்போடு சேர்த்து ஒரு வாக்கியம். முடித்துப் பார்த்தால் கோப்பு பழையதைவிடச் சின்னதாகிவிட்டது. காரணம், உண்மையான பட்டனுக்கு எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டன் என்று எழுதிவிட்டால் போதும், மீதியைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். டேப் தட்டினால் நிற்கும், என்டர் அடித்தால் வேலை செய்யும், படிக்கிற மென்பொருளிடம் "நான் பட்டன், என் பெயர் சமர்ப்பி" என்று தானே சொல்லும். எல்லாம் முன்பே அங்கே இருக்கிறது. நாம்தான் மெனக்கெட்டு அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நீலப்படம் ஒட்டுகிறோம்.

நாம் என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

துண்டைப் போட்டு மூடிச் சோதித்தேன். பதினேழு நிமிடத்தில் முடிந்தது. கடைசியில் "சமர்ப்பி, பட்டன்" என்று அந்த இயந்திரக் குரல் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ரகோத்தமன் சாரிடம் பிரதியைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஜூலையில போட்டுடலாம்."

"ஜூலையில யாரு சார் அப்ளை பண்ணப் போறாங்க?"

அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தக் கோப்பின் மாற்ற வரலாறு. ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். அதில் ஒரு பெயர் இருந்தது.

"நான் இதை யார்கிட்டயும் சொல்லலை ஜெசிந்தா. சொல்லவும் மாட்டேன். ஆனா நீ இதைப் பெரிசு பண்ணினா அறக்கட்டளையில முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வாஷிங் மெஷின்காரர் வந்தார். குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டார். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை பதினொன்றுக்கு வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். லால்குடியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், உன்னைக் கேட்கிறார் என்று.

நீல நிறக் காட்டன் புடவை, தோளில் கணினிப் பை, கையில் மடக்குக் கோல். முப்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். நான் பெயர் சொன்னதும் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"போன்ல கேட்ட குரல்தான். உட்காரலாமா மேடம்? இங்கயே உட்கார்ந்து அப்ளை பண்ணலாம்னு வந்தேன். எங்க வீட்டுல வராத பட்டன் உங்க ஆபீஸ்ல வருதான்னு பார்க்கறேன்."

சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். ஹெட்போன் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை என்று நினைக்கிறேன். "எடிட், எடிட், எடிட்" என்று வரவேற்பறை முழுக்கக் கேட்டது. ஒவ்வொருவராகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ரகோத்தமன் சார் டீயோடு வந்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க? டீ குடிங்க. நாங்களே அஞ்சு நிமிஷத்துல முடிச்சுத் தர்றோம்."

"டீ குடிக்கறேன் சார். ஃபார்மை நானே முடிச்சுக்கறேன்."

"அதுல சின்ன டெக்னிக்கல் பிரச்சினை..."

"என்ன பிரச்சினை சார்? சொல்லுங்க, புரியும். ப்ளஸ் டூவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றதும் நான்தான். தமிழுக்கு ஆள் எடுத்துட்டு ரெண்டையும் என் தலையில கட்டிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு யாரோ கூப்பிட்டது மாதிரி உள்ளே போய்விட்டார்.

நான் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த டைரியில் இரண்டு வாரமாக எழுதாமல் விட்டதை அவரிடம் சொன்னேன்.

"அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான்."

"எது?"

"அந்தப் பட்டன். ரெண்டு வருஷம் முன்னாடி. வேலைக்குச் சேர்ந்து அப்பவே ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. தெரியாம பண்ணேன்னு சொல்ல முடியாது. டிசைனர் எழுத்தைப் படமாக் கொடுத்தாங்க. பட்டன்னு எழுதினா ஓரத்துல ஒரு சாம்பல் கோடு வந்துச்சு. அதை எடுக்கறதுக்குப் பதிலா வெறும் பெட்டியா மாத்திட்டேன். மூணு நிமிஷ வேலை. கீபோர்டுல போக முடியலைன்னு என் ஃப்ரெண்டே புகார் எழுதினா. யாரும் அப்படிப் பயன்படுத்த மாட்டாங்கன்னு பதில் எழுதி மூடினதும் நான்தான்."

அவர் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன.

"ஒரு கோட்டுக்காகவா?"

"ஆமா."

பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். என் கேவலம் அது. அவர் சொல்லவில்லை. டீயை எடுத்துக் கடைசிவரை குடித்தார். டம்ளரைத் தடவிப் பார்த்து மேசையில் வைத்தார்.

"போன வருஷம் ரிஜெக்ட் ஆனப்போ எங்க அண்ணன் சொன்னாரு, உனக்கு எதுக்கு இதெல்லாம், இருக்கற வேலையைப் பாருன்னு. நான் ஒரு வருஷமா எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியா வரலைன்னு நினைச்சுட்டிருந்தேன் மேடம்."

பிறகு கேட்டார்: "சரி, எப்ப மாத்துவீங்க?"

"இருபத்தேழுக்குள்ள."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்வரை வருகிறேன் என்றதற்கு, வழி தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

அறக்கட்டளையின் செயலாளர் வைத்தியலிங்கம் சாருக்கு நேராகக் கடிதம் எழுதினேன். மின்னஞ்சல்தான். என்ன தவறு, யாருக்கு என்ன நேர்ந்தது, யார் செய்தது, எப்படிச் சரிசெய்யலாம். என் பெயரை முதல் பத்தியிலேயே போட்டேன். கடைசியில் போட்டால் கடைசிவரை படிப்பவர்களுக்கு மட்டும் தெரியும். ரகோத்தமன் சாருக்கு நகல்.

அனுப்புவதற்கு முன் பெனாசிர் படித்துப் பார்த்தாள். "அந்தப் புகார் நம்பரையும் சேர்த்துக்கோ" என்றாள். "ரெண்டு வருஷமா எனக்கு உறுத்திட்டிருக்கு. அன்னிக்கு இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

"நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொல்லலை."

ஜூன் 25, புதன்

வைத்தியலிங்கம் சார் நேரில் வந்தார். சிரிக்காத மனிதர். ரகோத்தமன் சார், பெனாசிர், நான். உட்கார்ந்ததும் கேட்டார்.

"பார்வை இல்லாதவங்க எத்தனை பேர் விண்ணப்பிக்கறாங்க? ஒருத்தர்தானே?"

அந்தக் கேள்வி வரும் என்று காலையிலேயே தரவுகளை எடுத்து வைத்திருந்தேன். "எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது சார். பட்டனைக் கண்டுபிடிக்க முடியாதவங்க லிஸ்ட்டுல வர மாட்டாங்களே. ஆனா கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டு, அனுப்பாம நின்னுபோன விண்ணப்பம் இந்த வருஷம் இதுவரைக்கும் நூத்தி நாற்பத்தி மூணு. எல்லாரும் பார்வை இல்லாதவங்கன்னு சொல்லலை. கை நடுங்கறவங்க இருக்கலாம், மவுஸ் ரிப்பேரானவங்க இருக்கலாம், மனசு மாறினவங்களும் இருக்கலாம். திலகவதி மட்டும்தான் போன் பண்ணிக் கேட்டாங்க."

"இதை எழுதினது நீங்கதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்ப நீங்களே திருத்துறதை நான் எப்படி நம்பறது?"

பையிலிருந்து துண்டை எடுத்தேன். "நம்ப வேணாம் சார். துண்டு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். திரையை மூடிட்டு நீங்களே ரெண்டையும் நிரப்பிப் பாருங்க. பழசு, புதுசு."

அவர் நிரப்பினார். பழையதில் இரண்டாம் கட்டத்தில் நிறுத்திவிட்டார். புதியதை முழுவதும் முடிக்கவில்லை, பாதிவரை போனார்.

"நாளைக்குக் காலையில மாத்துங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

ரகோத்தமன் சார் மாலைவரை என்னோடு பேசவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலை பத்து மணிக்குப் புதிய பக்கம் ஏறியது. பத்து நாற்பதுக்கு முதல் அழைப்பு. துறையூரிலிருந்து ஒருவர் அலறினார். "முந்தைய பக்கம்னு அழுத்தினேன் மேடம், சமர்ப்பிக்கப்பட்டதுன்னு வந்துடுச்சு! பி.எட். மார்க்கைத் தப்பாப் போட்டுட்டேன், திருத்தத்தான் பின்னாடி போனேன்!"

உடனே புரிந்துவிட்டது. 'முந்தைய பக்கம்' என்பதும் முன்பு வெறும் பெட்டிதான்; அதையும் உண்மையான பட்டனாக மாற்றியிருந்தேன். படிவத்துக்குள் இருக்கும் பட்டன் என்ன வகை என்று எழுதாவிட்டால், அது அனுப்புகிற பட்டன் என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். எழுத மறந்துவிட்டேன். சோதனையில் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை. தவற்றைத் திருத்த நினைத்தவர்களின் விண்ணப்பம் மட்டும் தவறோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒன்பது பேர்.

ரகோத்தமன் சார் என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "பழசையே போட்டுடு ஜெசிந்தா. இதுக்குத்தான் சொன்னேன்."

"பழசைப் போட மாட்டேன் சார்."

"கேட்கலை. போடுன்னு சொல்றேன்."

"தப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. அரை மணி நேரம் கொடுங்க. பழைய தப்புக்குத் திரும்பிப் போறதுக்கு இந்தத் தப்பைத் திருத்தறது மேல். அப்படியும் போடணும்னா நீங்களே போடுங்க, என் கையால போட மாட்டேன்."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அறையே திரும்பிப் பார்த்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரை வரைக்கும்."

பெனாசிர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருந்த பட்டன்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் வகையையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டி உறுதி கேட்கும் பக்கம் ஒன்றைச் சேர்த்தேன். பெனாசிர் முன்னால் போனாள், பின்னால் போனாள், நடுவில் நிறுத்தினாள், என்டரைப் பத்து முறை அடித்தாள். பதினொன்று இருபத்தைந்துக்கு ஏற்றினோம்.

பிறகு ஒன்பது பேருக்கும் நானே போன் செய்தேன். "என் தப்பு. உங்க விண்ணப்பத்தைத் திறந்து வச்சிருக்கேன், திருத்திட்டு மறுபடி அனுப்புங்க." எட்டுப் பேர் திட்டினார்கள். ஒருவர் மட்டும் திட்டாமல் அழுதார். அவருக்குத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். ரகோத்தமன் சார் தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை ஒரு மூடியில் வைத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 27, வெள்ளி

கடைசி நாள். அழைப்பு ஓயவில்லை. போனில் பேசிக்கொண்டே விண்ணப்பப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திலகவதிக்குப் போன் செய்யவில்லை. பக்கம் மாறிவிட்டது என்று நேற்றே குறுஞ்செய்தி அனுப்பியாயிற்று. அதற்கு மேல் கேட்டால் கையைப் பிடித்து இழுப்பது மாதிரி ஆகிவிடும்.

மூன்று மணி. இல்லை. நாலு மணி. இல்லை. நாலே காலுக்கு ஒருவருக்குப் போட்டோ அளவு விளக்கிக்கொண்டிருந்தபோது பட்டியலில் புதிய வரி விழுந்தது. ந. திலகவதி, லால்குடி. பாடம்: தமிழ்.

போனில் இருந்தவர் "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது. அந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குப் பட்டியல் மூடியபோது, நின்றுபோயிருந்த நூற்று நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டு விண்ணப்பங்கள் வந்து சேர்ந்திருந்தன. இரண்டு நாளில். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

ஜூலை 1, செவ்வாய்

நிர்வாகத்திலிருந்து ஒரு தாள். கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு வாக்கியங்கள். ஒன்று, சோதிக்காமல் ஏற்றிய மாற்றத்தால் ஒன்பது விண்ணப்பதாரர்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு வருந்துகிறேன். இரண்டு, மேலாளரின் அனுமதியின்றி வாடிக்கையாளரான அறக்கட்டளையை நேரடியாகத் தொடர்புகொண்டதற்கு வருந்துகிறேன்.

முதல் வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதில் 'தொடர்புகொண்டதற்கு வருந்துகிறேன்' என்பதை அடித்து, 'தொடர்புகொண்டேன்' என்று எழுதி அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

ரகோத்தமன் சார் தாளை வாங்கிப் படித்தார். "இப்படி வாங்க மாட்டாங்கம்மா."

"வேற மாதிரி நான் போட மாட்டேன் சார்."

அடுத்த வாரத்திலிருந்து கலைமலர் வேலை எனக்கில்லை. திருமண மண்டபங்கள் முன்பதிவு செய்யும் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். சரி. அங்கும் பட்டன்கள் இருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

பல்வலி தாங்காமல் அம்மாவின் பல்லை இன்று எடுத்தாயிற்று. ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. கஞ்சி மட்டும். வாயைத் திறக்க முடியாத நிலையிலும் மண்டபத் தளத்தில் எனக்கு ஒரு கல்யாணத் தேதி பார்க்கச் சொல்லிச் சைகை செய்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

திலகவதி போன் செய்தார். உதவி எண்ணுக்கு இல்லை, என் கைபேசிக்கு. எழுத்துத் தேர்வு முடிந்து, தேர்வானவர்கள் பட்டியல் சனிக்கிழமை வந்துவிட்டதாம்.

"கிடைக்கலை மேடம். தமிழுக்குக் கட் ஆஃப் எழுபத்தொண்ணு. நான் அறுபத்தெட்டு."

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

"இருக்காதா? ரெண்டு நாளா அழுதேன். இலக்கணப் பகுதியில கோட்டை விட்டுட்டேன், எனக்கே தெரியுது. ஆனா பாருங்க, மூணு மார்க். என்னோட மூணு மார்க். அதை நான் அடுத்த வருஷத்துக்குள்ள படிச்சு எடுத்துடுவேன். போன வருஷம் எதைப் படிச்சு எடுத்திருக்க முடியும்?"

அவரே தொடர்ந்தார்.

"அதுக்கு மட்டும் போன் பண்ணலை. அந்தப் பிறந்த தேதி கேட்கிற இடம் இருக்கே, வருஷத்தை ஒவ்வொண்ணாக் கீழ இறக்கிட்டே போகணும். தொண்ணூத்தி நாலுக்குப் போறதுக்குள்ள முப்பத்தொரு தடவை தட்டினேன். எண்ணினேன். அடுத்த வருஷம் முப்பத்திரண்டு ஆகும். டைப் பண்ற மாதிரி மாத்துங்க."

"நான் இப்ப அந்த வேலையில இல்லை மேடம். வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"அந்தக் கட்டத்தை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

வைத்துவிட்டார். நன்றி என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது.

வைத்தியலிங்கம் சாருக்கு மின்னஞ்சல் எழுதி முடித்துவிட்டேன். காலையில் அலுவலகத்துக்குப் போனதும் அனுப்புகிறேன். ரகோத்தமன் சாருக்கு நகல் போகும். அனுமதிக்காக இல்லை, தகவலுக்காக.